அந்தச் சட்டையைக் குப்பையில் போடாதீர்கள்!

இரவு பத்தரை மணிக்கு ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டி வாசலில் 108 வந்து நிற்கிறது. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்குத் தோளிலும் விலாவிலும் அரிவாள் வெட்டு. ட்யூட்டி டாக்டர் நாடி பார்க்கிறார், சிஸ்டர் ஊசி ஏற்ற நரம்பு தேடுகிறார், இன்னொருவர் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையைக் கிழிக்கிறார். கத்தரி எங்கே சுலபமாக நுழையுமோ அங்கேதான் நுழையும். ஏற்கெனவே கிழிந்திருக்கிற இடம், அதாவது ஆயுதம் இறங்கிய இடம், அதற்குத் தோதாக இருக்கிறது. இரண்டே நிமிடத்தில் சட்டை தரைக்கு வந்துவிடுகிறது. யாரோ காலால் ஓரமாகத் தள்ளுகிறார்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சுகளோடு சேர்ந்து அதுவும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போகிறது.

இங்கே யாரும் தவறு செய்யவில்லை. ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டையில் ஒரு வழக்கே இருந்தது. துணியில் விழுந்த கிழிசலின் ஓரத்தைப் பார்த்து ஆயுதம் ஒரு பக்கம் கூரானதா, இரு பக்கமும் கூரானதா என்று நிபுணர்களால் சொல்ல முடியும். வெட்டுப்பட்டபோது அவர் நின்றுகொண்டிருந்தாரா, விழுந்து கிடந்தாரா என்பதற்கு ரத்தம் வழிந்த திசை சாட்சி. இழுபறியில் வெட்டியவனின் தலைமுடியோ ரத்தமோ அதில் ஒட்டியிருக்கலாம். தொடுகிற ஒவ்வொன்றும் தன்னிடமிருந்து எதையாவது விட்டுச் செல்கிறது, எதையாவது எடுத்துச் செல்கிறது என்பது தடயவியலின் அடிப்படைப் பாடம். 1910இல் பிரான்ஸின் லியோன் நகரில் காவல்துறைக்கான ஆய்வகத்தைத் தொடங்கிய எட்மண்ட் லொக்கார்டின் பெயரில் அது அறியப்படுகிறது.

குற்றம் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்பது இன்று டீக்கடையில் நிற்பவருக்குக்கூடத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராவதற்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடிபட்டவர் உயிரோடு இருந்தால் சாட்சியமும் அவரோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விடுகிறது. தெருவில் மிஞ்சுவது கொஞ்சம் ரத்தமும் ஒற்றைச் செருப்பும்தான். உடலையும் உடையையும் முதலில் தொடுபவர்கள் நர்ஸும் ட்யூட்டி டாக்டரும் ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளரும். இன்ஸ்பெக்டர் அங்கே வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். வழக்கின் தலையெழுத்து அந்த முதல் அரை மணியில் இவர்கள் கையில் இருக்கிறது. அதற்கான பயிற்சியையும் பொருளையும் நேரத்தையும் அவர்களுக்குக் கொடுப்பது பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஏ.ஆர். போட்டாச்சா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அடிதடி, விபத்து, விஷம், தீக்காயம் எதுவானாலும் முதலில் காதில் விழும் கேள்வி இது. ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், அடையாளத்துக்கு இரண்டு மச்சமோ தழும்போ, என்ன நடந்ததாகச் சொன்னார், எங்கெங்கே என்ன காயம் என்று நின்ற வாக்கில் டாக்டர் எழுதும் ஒரு பக்கம். கூடவே காவல் நிலையத்துக்கு இன்டிமேஷன் போகும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் வளாகத்திலேயே போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும்.

அந்த ஒரு பக்கத்தின் எடை நம்மில் பலருக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே எழுதப்படுவது அது. யோசித்துப் பேசவோ, வக்கீலைக் கேட்கவோ அவகாசம் கிடைப்பதற்கு முன் சொல்லப்பட்டது என்பதால் நீதிமன்றம் அதை உற்றுப் பார்க்கிறது. 'தெரிந்த இரண்டு பேர் அரிவாளால் வெட்டியதாக' என்று ஏ.ஆரில் இருந்து, பிறகு பதிவான வழக்கில் ஐந்து பேர் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தால், குறுக்கு விசாரணை அந்த 'இரண்டு' என்ற சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கும். உண்மையிலேயே ஐந்து பேர் வெட்டியிருக்கலாம். மயங்கிக் கிடந்தவருக்குப் பதில் பக்கத்துத் தெருக்காரர் எதையோ சொல்லியிருக்கலாம். அதனால்தான் யார் சொன்னது என்பதையும் எழுத வேண்டும்: அடிபட்டவரே சொன்னாரா, கூட்டி வந்தவர் சொன்னாரா? இந்த ஒரு வரி விடுபட்டதால் தடுமாறும் வழக்குகள் உண்டு.

வெட்டியவர் பெயரை டாக்டர் எழுதவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு வாதாடுவதும் வழக்கம். பட்டிபாட்டி வெங்கையா வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குற்றம் செய்தது யார் என்பது டாக்டரின் கவலை இல்லை. உயிரைக் காப்பதும் காவல்துறைக்குத் தகவல் சொல்வதும்தான் அவர் வேலை என்பது அதன் சாரம்.

சாலை விபத்துகளில் ஏ.ஆர். இன்னும் நேரடியாக வீட்டுக்குள் வந்து அடிக்கிறது. லாரி இடித்துவிட்டுப் போயிருக்கும். கூட்டி வந்தவர் பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துட்டார்' என்று சொல்ல, அது அப்படியே பதிவாகிவிடும். பிறகு நஷ்டஈடு கேட்டு விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போனால், தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் தரப்பு அந்தத் தாளைத்தான் நீட்டும். ஆஸ்பத்திரியில் நிற்கும் உறவினர்கள் செய்ய வேண்டியது எளிது. நடந்ததைப் பார்த்தவர் யாரோ அவர் சொல்லட்டும். பார்க்காதவர் 'நான் பார்க்கவில்லை' என்றே சொல்லட்டும்.

தைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

காயத்தை எழுதுவதிலும் ஒரு கலை இருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தை நிறுத்த உடனே தையல் போட்டு, மேல்சிகிச்சைக்கு ரெஃபர் செய்கிறார்கள். மாவட்ட மருத்துவமனையில் இருப்பவர் பார்க்கும்போது 'தைக்கப்பட்ட காயம், 6 செ.மீ.' என்றுதான் எழுத முடியும். காயத்தின் ஓரம் சீராக வெட்டுப்பட்டிருந்ததா, பிய்ந்து நசுங்கியிருந்ததா என்பது நூலுக்கு அடியில் போய்விட்டது. அரிவாளா, கட்டையா என்ற கேள்விக்கு இனி எந்தத் தாளிலும் பதில் கிடையாது.

தலைக்காயத்தில் இது இன்னும் சிக்கல். மண்டை ஓட்டின் மேல் தோல் இறுக்கமாக இருப்பதால், லத்தியாலோ உருட்டுக்கட்டையாலோ அடித்தால்கூடக் கத்தியால் கீறியதுபோலவே நேராகப் பிளக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கட்டையடியில் ஓரத்துத் தோல் நசுங்கியிருக்கும், முடியின் வேர்கள் நைந்திருக்கும், காயத்தின் உள்ளே இழைகள் பாலம்போல் குறுக்கே நிற்கும். கத்தியாக இருந்தால் முடியும் வெட்டுப்பட்டிருக்கும். இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. நோயாளி தாங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டுமே இதெல்லாம். ரத்தம் பீறிட்டுக்கொண்டிருக்கும்போது லென்ஸ் தேடச் சொல்வது கொடுமை.

காயம் சாதாரணமா கொடுங்காயமா என்று டாக்டர் எழுதுவதில்தான் சட்டப்பிரிவே மாறுகிறது. எலும்பு முறிவு, பல் போவது, பார்வை போவது முதலானவை கொடுங்காயங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் இருபது நாள் கடும் வலியோடு கிடந்தாலோ, அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயமாகக் கணக்கானது. பாரதிய நியாய சன்ஹிதா அதைப் பதினைந்து நாளாகக் குறைத்திருக்கிறது.

பொருள்களைப் பாதுகாப்பதில் விஞ்ஞானம் கடினமானது இல்லை. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், கிருமிகள் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். ஆகவே நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதக் கவரில் போட வேண்டும். கிழிசலைத் தொடாமல், தையல் ஓரமாக வெட்டிக் கழற்ற வேண்டும். துணியை உதறக் கூடாது. கவரின் மேல் பெயர், பதிவு எண், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. ஒட்டிய இடத்தில் அரக்கு முத்திரை. காவலரிடம் கொடுக்கும்போது அவரிடமும் கையெழுத்து. இந்தக் கைமாற்றுத் தொடரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால், 'இடையில் இந்தப் பொருள் யாரிடம் இருந்தது?' என்று கேட்டு ஒரு நல்ல வக்கீல் மொத்தத்தையும் உடைத்துவிடுவார். துப்பாக்கிக் குண்டை இரும்பு இடுக்கியால் பற்றி எடுத்தால் அதன் மேலுள்ள நுண்கோடுகள் சிதைந்துவிடும். முனையில் ரப்பர் சுற்றிய இடுக்கி வேண்டும். எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்வது அந்தக் கோடுகள்தான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகிக்கப்படுபவரிடம் ரத்தம் எடுக்கும்போது, பழக்கத்தில் கை ஸ்பிரிட் பஞ்சை நோக்கித்தான் போகும். ஸ்பிரிட்டே ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் மட்டுமே. தோலைத் துடைத்தது எதைக் கொண்டு என்று நீதிமன்றத்தில் கேட்டால் சிஸ்டரிடம் பதில் இருக்க வேண்டும். ஆல்கஹால் கலக்காத கிருமிநாசினியோ சோப்பு நீரோ போதும். ரத்தத்தைச் சோடியம் ஃபுளோரைடு கலந்த குப்பியில் வைக்க வேண்டும். இல்லையென்றால் குப்பிக்குள்ளேயே ஆல்கஹால் அளவு மாறிவிடும்.

விஷம் குடித்தவருக்கு வயிற்றைக் கழுவும்போது முதலில் வெளியே வரும் நீரைத் தனியே எடுத்து வைப்பது பழைய நடைமுறை. பின்னால் வருவதில் தண்ணீர்தான் அதிகம் இருக்கும். விஷத்தை ஆராய்வதில் நம் ஊருக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் அமைந்தது. அந்த மரபின் தொடர்ச்சியான தமிழ்நாடு தடயவியல் துறை இன்று மயிலாப்பூரில் இயங்குகிறது. ஆனால் எவ்வளவு நல்ல ஆய்வகமும், வார்டில் யாரோ வாஷ்பேசினில் ஊற்றிவிட்டதைப் பரிசோதிக்க முடியாது.

தீக்காய வார்டில் சாட்சியம் பேச்சு வடிவில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் சென்னைப் பக்கம் குறைவு. உயிர் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டருக்குத் தோன்றினால் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் வந்து வாக்குமூலம் பதிவு செய்யும் முன், பேசுபவர் தெளிவான நினைவோடு இருக்கிறாரா என்று டாக்டர் சான்று தருகிறார். லக்ஷ்மண் வழக்கில் 2002இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தச் சான்று இல்லை என்பதற்காகவே மரண வாக்குமூலத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை, பதிவு செய்தவருக்குத் திருப்தி இருந்தால் போதும் என்றது. இருந்தாலும் வலிமருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற நர்ஸின் குறிப்புக்குப் பிறகு பெரிய மதிப்பு வந்துவிடும். மயக்கத்தில் உளறினார் என்ற வாதத்துக்கு அந்தக் கடிகார நேரம்தான் விடை. வாக்குமூலம் எடுக்கும்போது கணவரும் மாமியாரும் உறவினர்களும் வெளியே இருக்க வேண்டும். 'ஸ்டவ் வெடித்தது' என்று முதலில் சொல்லிவிட்டு, அவர்கள் நகர்ந்த பிறகு வேறொன்றைச் சொல்லும் பெண்களைத் தீக்காய வார்டுகள் நிறையப் பார்த்திருக்கின்றன. கதவருகே நின்று உறவினர்களைத் தடுக்கும் அந்த வார்டு சிஸ்டரும் நீதியின் ஊழியர்தான்.

உடம்பு அவளுடையது

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் கேஷுவாலிட்டிக்கு வரும்போது, மேலே சொன்ன எல்லாமே இரண்டாம் இடத்துக்குப் போகின்றன. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு சட்டம் மாறியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. 'முதலில் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள் வந்தால் ஸ்வாப் உள்ளிட்ட மாதிரிகளை எடுக்க வேண்டும். அதற்குள் அவள் குளித்திருந்தாலும் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. கடந்துபோன நேரத்தையும் குளித்ததையும் எழுதி வைத்தால், மாதிரியில் எதுவும் கிடைக்காதபோது காரணம் என்ன என்று நீதிமன்றத்துக்குப் புரியும். காயம் இல்லை என்பதால் கொடுமை நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அப்படி எழுதுவது டாக்டரின் வேலையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் சம்மதம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே விளக்கிக் கேட்க வேண்டும். சிகிச்சை மட்டும் போதும், மாதிரி வேண்டாம் என்று அவள் சொன்னால் சிகிச்சையை நிறுத்த முடியாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அம்மாவோ குழந்தை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். இரு விரல் பரிசோதனை என்ற அசிங்கத்தை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று அறிவித்தது. ஒரே விஷயத்தை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பச் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? கேஷுவாலிட்டியில் ஒரு ராத்திரி நின்று பார்த்தவருக்கு அந்தக் கேள்வி எழாது. ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர், வாசல் வரை ஸ்ட்ரெச்சர். துணியை உலர்த்த ஒரு கொடி கட்டவும் இடமில்லை. எழுதிய ஒவ்வொரு ஏ.ஆருக்கும் என்றாவது ஒருநாள் சம்மன் வரும். அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆகியிருக்கும். லீவு போட்டு, பஸ் பிடித்துப் போனால் வழக்கு ஒத்திவைப்பு. 'நமக்கு ஏன் கோர்ட் தொந்தரவு' என்ற பயம் காயத்தைச் சுருக்கமாக எழுத வைக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வீடியோ வழி சாட்சியத்துக்கு இடம் தந்திருக்கிறது. எழுதிய அதிகாரி வர முடியாத நிலையில், அந்தப் பதவியில் இப்போது இருப்பவரே ஆவணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லவும் அதன் 336ஆவது பிரிவு வழி செய்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் அடுத்தவர் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், முதலில் எழுதியது இன்னொருவர் படித்தால் விளங்கும்படி இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1970களிலேயே இதற்கென நர்ஸுகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். 1992இல் தடயவியல் செவிலியர்களுக்கு அங்கே சர்வதேசச் சங்கமே உருவானது. நம் செவிலியர் படிப்பிலும் இப்போது தடயவியல் செவிலியம் பாடமாகச் சேர்ந்திருக்கிறது. பாடப் புத்தகத்தோடு அது நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இதற்குப் பொறுப்பான ஒரு சிஸ்டர், ஓர் அலமாரி, பூட்டு, காகிதக் கவர்கள், ஒரு கைமாற்றுப் பதிவேடு. ஒரு மருத்துவமனைக்கு ஆகும் செலவு, ஒரு வழக்கு தோற்பதால் ஆகும் செலவில் தூசு.

சாத்தான்குளம்

இதுவரை சொன்னது வெளியிலிருந்து அடிபட்டு வருபவர்களைப் பற்றி. போலீஸே கூட்டி வரும் ஆள் வந்தால்?

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வரப்பட்டார்கள். லுங்கிகள் ரத்தத்தில் நனைந்து நனைந்து மாற்றப்பட்டதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று கிடைத்தது. ஜூன் 22 இரவு பென்னிக்ஸும் மறுநாள் காலை ஜெயராஜும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். ரத்தக் கறை படிந்த உடைகள் அப்புறப்படுத்தப்பட்டதும் சிபிஐ விசாரணையின் பகுதியானது.

ரிமாண்டுக்கு முந்திய அந்தப் பொழுதில், சான்று தந்த மருத்துவமனை அறையில் நிறுத்தப்பட்டிருந்த இரண்டு உடல்களும் சாட்சியங்கள். உடையைக் கழற்றச் சொல்லி முதுகையும் தொடையையும் பாதத்தையும் பார்ப்பது, காயத்தை எண்ணி எழுதுவது, போலீஸை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லி 'என்ன ஆச்சு?' என்று கேட்பது, அட்மிட் செய்ய வேண்டும் என்று எழுதுவது. ஒரு டாக்டரின் பேனாவுக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தது. எதிரே காக்கிச் சட்டைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும் என்பதும் உண்மை. அந்த நெஞ்சுரத்தைத் தனியொரு டாக்டரின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. ரிமாண்டுப் பரிசோதனையின்போது காவலர்கள் காதுக்கெட்டாத தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை மருத்துவமனை நிர்வாகமே விதியாக எழுதிக் கதவில் ஒட்டலாம். அப்படிச் செய்தால் வெளியே போகச் சொல்வது டாக்டராக இருக்காது, விதியாக இருக்கும்.

கைதானவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆவது பிரிவு, கைதான உடனே பரிசோதித்து, உடலில் உள்ள காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் டாக்டர் எழுத வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டில் யாராவது கைதானால், ஜாமீனுக்கு வக்கீல் தேடி ஓடும் முன் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.